அய்யனார் கோயில்காட்டுச் செடிகொடிகளும் உயிரினங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கோயில்காடுகளுக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பறவை பார்க்க வருபவர்கள், குலதெய்வம் கும்பிட வந்து "இது என்ன மரம்?" என்று நிற்பவர்கள் என எல்லோரும் கேட்டவை கலந்திருக்கின்றன.

கோயில்காடு என்றால் என்ன? அது யாருடையது?

ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரையிலோ செம்மண் மேட்டிலோ, அய்யனாருக்கும் செல்லியம்மனுக்கும் பச்சைவாழியம்மனுக்கும் என்று விட்டுவைத்த காடு. சில காடுகள் அரை ஏக்கர்கூட இருக்காது; சில பல ஏக்கர் விரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் புத்துப்பட்டு அய்யனார் காடு எல்லோருக்கும் தெரிந்தது. கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் காடுகளைத் தாவரவியல் ஆய்வாளர்கள் நன்றாக அறிவார்கள்.

யாருடையது என்றால், காகிதத்தில் ஒன்று புறம்போக்காக இருக்கும், இன்னொன்று அறநிலையத் துறையிடம் இருக்கும், சில வனத்துறையிடம். நடைமுறையில் ஊருக்குச் சொந்தம். சாமி காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது, தானாக விழுந்த விறகைக் கோயில் பொங்கலுக்கு மட்டும் எடுக்கலாம் என்பது எழுதாத சட்டம். கடற்கரைச் சமவெளியில் மீதி எல்லாம் கொல்லையாகவும் சவுக்குத் தோப்பாகவும் மனையாகவும் மாறிய பிறகும் இந்தத் துண்டுகள் தப்பித்ததற்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

பார்க்க வெறும் புதர் மாதிரிதானே இருக்கிறது. இதில் என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். காடு என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அண்ணாந்து பார்க்கும் மரங்கள் நினைவுக்கு வருகின்றன. இங்கே மரங்கள் முப்பது, முப்பத்தைந்து அடிக்கு மேல் போவது அரிது. தண்டு கோணல், கிளை நெருக்கம், அடியில் முள்ளும் கொடியும். ஆனால் சோழமண்டலக் கடற்கரையின் சொந்தக் காடு இதுதான். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பது அதன் முழுப் பெயர். இந்தியாவின் காடுகளை வகை பிரித்த சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. நம் பக்கம் கோடியக்கரை, கிண்டி போன்ற சில இடங்களையும் கோயில்காடுகளையும் விட்டால் பெரிய அளவில் எங்கும் மிச்சமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வன்னிக் காடுகளில் இதே பாலை, வீரை மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தவர்களுக்குப் பாலைப்பழம் என்றால் நாக்கில் ஊறும்; நம்மில் பலருக்கு அந்த மரமே தெரியாது.

என்னென்ன மரங்கள் இருக்கின்றன? எப்படி அடையாளம் காண்பது?

ஒரே மரத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசா மரத்தைப் பாருங்கள். காயா என்றும் சொல்வார்கள். தாவரவியலில் மெமிசைலான். பல கோயில்காடுகளில் அதிகம் இருப்பது இதுதான். இலை தடித்துப் பளபளக்கும், நடுநரம்பைத் தவிர மற்ற நரம்பு கண்ணுக்குத் தெரியாது. கோடையில் பூக்கும்போது இலைகளுக்குள் தேடாதீர்கள், குச்சியைப் பாருங்கள்: இலை உதிர்ந்த கணுக்களை ஒட்டி, ஊதாவும் நீலமும் கலந்த குட்டிப் பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இலையில் அலுமினியம் சேரும். அதனால்தான் அந்தக் காலத்தில் சோழமண்டலத்துச் சாயக்காரர்கள் சாயவேரோடு காசா இலையையும் சேர்த்தார்கள். துணியில் சிவப்பு பிடித்து நிற்க அது உதவியது.

அடுத்தது பாலை, அல்லது உலக்கைப்பாலை. வைரம் பாய்ந்த மரம், உலக்கைக்கும் செக்குக்கும் போனது. பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும். கீறினால் பால் வரும். இலையின் நுனி சற்று உள்வாங்கியிருக்கும். மிக மெதுவாக வளரும், அதனால் இடுப்பளவு பருத்த பாலை மரத்தைப் பார்த்தால் அது உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தது என்று நினைத்துக்கொள்ளலாம். மஞ்சள் நிறத்தில் சின்னப் பழம், தின்றால் உதட்டில் பசை ஒட்டும்.

வீரை மரத்தை அதன் தண்டு காட்டிக்கொடுக்கும். நீளவாக்கில் பள்ளமும் மேடுமாக, பல தண்டுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டினாற்போல இருக்கும். பழம் சிவப்பு. காட்டெலுமிச்சை எனப்படும் குருந்து மரத்தின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். பிராய் மர இலை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அப்புறம் வக்கணை, நாவல், வெப்பாலை, நுணா, இலுப்பை, ஆல், இச்சி என்று போய்க்கொண்டே இருக்கும். ஓரங்களில் காரை, களா, சங்கஞ்செடி, சூரை. சூரை முள் பின்னோக்கி வளைந்தது. உள்ளே போகும்போது விடும், திரும்பும்போது சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலிலும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?

இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தையிலிருந்து ஐந்தாறு மாதம் கிட்டத்தட்ட வறட்சி. இலையை மொத்தமாக உதிர்த்து மழைக்குக் காத்திருப்பது சில மரங்களின் வழி. காசாவும் பாலையும் வீரையும் வேறு வழியில் போகின்றன. இலையைச் சிறிதாக்கி, தோல் போலத் தடிமனாக்கி, மேலே மெழுகு பூசி, ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட ஓர் இலையை உருவாக்க மரத்துக்குச் செலவு அதிகம், அதனால் வளர்ச்சி மெதுவாகிறது. தரையில் கிடக்கும் சருகும் மேலே மூடிய கொடியும் சேர்ந்து உள்ளே ஈரத்தைக் கட்டிவைக்கின்றன. மே மாதம் நடுப்பகலில் வெளியிலிருந்து உள்ளே இருபது அடி நடந்தால் வித்தியாசம் தோலில் தெரியும்.

சருகையும் புதரையும் கூட்டிச் சுத்தம் செய்தால் நல்லதுதானே?

இல்லை. பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் பொறுக்குங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல மனதோடு செய்யும் கெடுதல்களில் முதலிடம் இதற்குத்தான். ஓர் ஊரில் திருவிழாவுக்கு முன்பு, "காட்டை அழகுபடுத்துகிறோம்" என்று ஆட்கள் வந்து, பெரிய மரங்களை மட்டும் விட்டு அடிப்புதரை முழுக்க அரிவாளால் கழித்து, சருகைக் குவித்துக் கொளுத்தினார்கள். பார்க்கப் பூங்கா மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர்கள் வெட்டியதில் பாதி களை இல்லை. முழங்கால் உயரத்தில், பெரிய மரம் விழுந்து வெளிச்சம் கிடைக்கும் நாளுக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருந்த வீரைக் கன்றுகளும் காசாக் கன்றுகளும் வக்கணைக் கன்றுகளும். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் வந்தன. திறந்த தரையும் வெயிலும் கிடைத்தால் அவை விடுமா?

சருகுக்குள் வேறொரு ஊரே இருக்கிறது. பூரான், மரவட்டை, தேள், அரணை, கறையான், காளான். அவற்றைத் தின்ன வரும் பறவைகள். நிழலும் ஈரமும் போனால் விதை முளைத்தாலும் கருகிவிடும். பெரிய மரங்கள் மட்டும் நிற்கும் காடு, பிள்ளைகளே இல்லாத ஊர் மாதிரி. இன்னும் ஐம்பது ஆண்டுக்குப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பாம்புக்குப் பயந்து பாதையைச் சுத்தமாக வைக்க வேண்டுமென்றால் பாதையை மட்டும், சன்னிதியைச் சுற்றி மட்டும் கழித்தால் போதும்.

கொடிகள் மரத்தை நெரித்துக் கொல்லாதா?

பெரும்பாலும் இல்லை. ஆதண்டை, பிரண்டை, சூரை, குன்றிமணி எல்லாம் இந்தக் காட்டின் பங்காளிகள். ஓரத்துக் கொடிகள்தான் சூடான காற்று உள்ளே புகாமல் சுவர் போல அடைக்கின்றன. ஆல், இச்சி வகைகள் சில வேளை வேறு மரத்தின் மேல் முளைத்து, நாளடைவில் அதை மூடிவிடுவது உண்மை. அதற்காக இச்சியை வெட்டக் கிளம்ப வேண்டாம். மற்ற மரங்களில் பழமில்லாத மாதத்திலும் ஏதோ ஓர் ஆலோ இச்சியோ பழுத்திருக்கும். அந்த நாளில் அதன் அடியில் போய் நின்று பாருங்கள்: குயில், மாங்குயில், செம்மார்புக் குக்குறுவான், மைனா, அணில் எல்லாம் ஒரே மரத்தில்.

எந்தப் பறவையை எப்போது பார்க்கலாம்?

ஆண்டு முழுவதும் சின்னான், தவிட்டுக்குருவி, செம்போத்து, வல்லூறு, புள்ளி ஆந்தை. விசேஷம் என்றால் புரட்டாசி, ஐப்பசியில் வந்து சேரும் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. பச்சை முதுகு, சிறகில் பளிச்சென்ற நீலம், வயிற்றடியில் சிவப்பு, வால் இல்லையோ என்று தோன்றும் குட்டை வால். இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது, ஏனென்றால் அது இருப்பது தரையில். புதருக்கடியில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்றுகொண்டிருக்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடித்துத் தான் இருப்பதைச் சொல்லும். சத்தம் வந்த திசையில் ஓடாதீர்கள். உட்காருங்கள், அது தானாக நடந்து வரும்.

வேதிவால் குருவியும் குளிர்காலத்தில்தான். ஆண் பறவையின் வெள்ளை வால் நாடா காற்றில் ஆடினால் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பீர்கள்.

விலங்குகள் என்னென்ன?

பெரியதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். கீரி, முயல், சில இடங்களில் நரி, உடும்பு. இரவில் மரநாய். மரநாய் பழம் தின்று போட்ட எச்சத்தைப் பாதையோரக் கல் மேல் பார்க்கலாம், முழுக்க விதையாக இருக்கும். இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை பழம் தின்னும் பறவை, வௌவால், மரநாயை நம்பியே விதை பரப்புகின்றன.

தேவாங்கு இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். அதைப் பார்க்கத் திண்டுக்கல், கரூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே 2022-இல் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றனவே, நிபா வருமா?

2018-இல் கேரளத்தில் நிபா வந்த பிறகு இந்தக் கேள்வி நிற்கவே இல்லை. வௌவால் தன்பாட்டில் மரத்தில் தொங்குவதால் உங்களுக்கு ஒன்றும் வராது. அது கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாதீர்கள், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாதீர்கள், கல்லெறிந்தோ வெடி வைத்தோ கலைக்காதீர்கள். வௌவாலுக்குத் தொந்தரவாகுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இலுப்பைப் பூவில் மகரந்தம் மாற்றுவதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே போனது.

வண்ணத்துப்பூச்சிகள் ஒரே செடியில் மொய்க்கின்றனவே, அது என்ன?

கிலுகிலுப்பைச் செடியாக இருக்கும். ஒரு நல்ல நாளில் காய்ந்த ஒரே குச்சியில் நீல வரியனும் கருப்பனுமாக இருபது, முப்பது தொங்கும். பூவே இல்லாத குச்சியில் என்ன வேலை என்று தோன்றும். கிட்டத்தில் போய்ப் பாருங்கள்: காலால் செடியைப் பிராண்டி, கசியும் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண் பூச்சிகள். அந்தச் சாற்றிலிருக்கும் ஒருவகை ஆல்கலாய்டு அவற்றுக்குப் பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளைத் தயாரிக்க வேண்டும். உடம்பில் ஏறும் கசப்பு பறவைகளிடமிருந்தும் காப்பாற்றும்.

கறுப்புச் சிறகும் சிவப்பு உடலுமாகப் பறக்கும் ரோஜா அழகிக்கும் இதே தந்திரம்தான். அதன் புழு ஆடுதீண்டாப்பாளை இலையைத் தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு முறை தின்ற பறவை மறுமுறை வாய் வைக்காது. இதைப் பார்த்துக் காப்பியடித்தது இன்னொன்று. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் வளரும் அழகி வகைப் பூச்சி நஞ்சில்லாதது. அதன் பெண்களில் சில அப்படியே ரோஜா அழகி போல வேடம் போடும். உடலைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அசல், கறுப்பாக இருந்தால் நகல்.

பாம்பு இருக்குமா?

இருக்கும், இருக்கத்தான் வேண்டும். சாரை, கொம்பேறி மூக்கன், பச்சைப் பாம்பு ஆகியவற்றால் ஆபத்தில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பதும், பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் கதை. கவனிக்க வேண்டியவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

மூடிய செருப்பு, கையில் ஒரு குச்சி, இருட்டினால் டார்ச். கை நுழைக்கும் இடத்தை முதலில் கண்ணால் பாருங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் மருந்து பாம்பு விஷத்திலிருந்தே தயாராவது. அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் முக்கியமானது சென்னை அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

பழம், மூலிகை பறிக்கலாமா?

கீழே விழுந்த நாவற்பழம், களாக்காய் ஒன்றிரண்டு என்றால் ஊரில் யாரும் கோபிக்க மாட்டார்கள். பை நிறையப் பறிப்பது வேறு விஷயம். தெரியாததை வாயில் வைக்காதீர்கள். குன்றிமணியை உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் பார்க்கத்தான் அழகு, அதன் கிழங்கு கொடிய விஷம். பூனைக்காலிக் காயின் பொன்னிற முடி பட்டால் அரைமணி நேரம் சொறிந்துகொண்டிருப்பீர்கள். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இலைகளைத் தைத்துப் பந்து போலத் தொங்கும் முசுறு எறும்பின் கூட்டையும் காட்டிவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தை எப்படி ஒழிப்பது?

ஜேசிபி கொண்டுவராதீர்கள். அது கருவேலத்தோடு நாட்டுச் செடியின் வேரையும் மண்ணையும் புரட்டிப்போடும், புரட்டிய மண்ணில் கருவேல விதைதான் முதலில் முளைக்கும். வெட்டி மட்டும் விட்டாலும் கட்டையிலிருந்து நாலாகத் தழைக்கும். ஆட்களை வைத்து, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நொச்சி, காரை, குருந்து போன்றவற்றை நெருக்கமாக வைக்க வேண்டும். கருவேலத்துக்கு வெயில் வேண்டும். அடர்ந்த கோயில்காட்டின் உள்ளே அது இல்லாததற்கும், கழித்துவிட்ட ஓரமெல்லாம் அது நிற்பதற்கும் காரணம் அதுவே.

பிறந்தநாளுக்கு மரக்கன்று நடலாமா?

காட்டுக்குள் வேண்டாம். தூங்குமூஞ்சி, குல்மோகர் போன்றவற்றை நிச்சயம் வேண்டாம். புங்கம், வேம்புகூட உள்ளே தேவையில்லை. காட்டை ஒட்டிய வெற்றிடத்தில், ஊரின் சம்மதத்தோடு, அந்தக் காட்டு விதையிலிருந்தே வளர்த்த கன்றை நடுவது நல்லது. முடியும் என்பதற்கு ஆரோவில் சாட்சி. 1968-இல் அது தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழை அரித்த பொட்டல். முதலில் எது வளர்ந்ததோ அதை நட்டார்கள். பிறகு கோயில்காடுகளில் விதை பொறுக்கி, பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் உலர் பசுமைமாறாக் காட்டையே எழுப்பினார்கள். அந்த விதைக்கு மூலதனம் இந்த அரை ஏக்கர், ஓர் ஏக்கர் காடுகள்தான்.

அரசுப் பாதுகாப்புக் கிடைக்குமா?

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வழி இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு, வெறும் 4.97 ஹெக்டேர், அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சின்னக் காட்டுக்கு இது கிடைக்காது என்று சொல்பவர்களிடம் காசம்பட்டியைக் காட்டுங்கள். ஆனால் என் கருத்தில், காட்டுக்கு இன்றைய ஆபத்து வெளியாள் மட்டுமல்ல. கோயிலைப் பெரிதாகக் கட்டி, சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டு, கார் நிறுத்த இடம் ஒதுக்கும் நம் பக்தியும்தான். அதை அறிவிப்புப் பலகை தடுக்காது, ஊர்க்கூட்டம்தான் தடுக்க வேண்டும்.

பாலைக் கன்று எங்கே கிடைக்கும்?

சாதாரண நர்சரியில் கேட்டால் "அப்படி ஒரு செடியே இல்லை" என்பார்கள். ஆனால் அவர்கள் விற்கும் ஒட்டுச் சப்போட்டாவின் அடியில் பெரும்பாலும் இருப்பது பாலைதான். வறட்சி தாங்கும் வேர் என்பதால் அதன் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். எனவே சப்போட்டா ஒட்டுக்கட்டும் நர்சரியாகத் தேடி, ஒட்டுப் போடாத அடிக்கன்று வேண்டும் என்று கேளுங்கள். விதையிலிருந்து வளர்ப்பதானால் பழம் கிடைத்ததும் சதையைக் கழுவி உடனே பையில் ஊன்றிவிடுங்கள். நிழலில் வையுங்கள், முதல் இரண்டு ஆண்டுகள் அது வளர்வதே தெரியாது.